பூந்திக்கொட்டை மாலை

பட்டுப்புடவை அலசவும் நகை கழுவவும் நம் வீடுகளில் பூந்திக்கொட்டை ஊறப் போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? நுரை தரும் தோலை எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கும் கறுப்பு விதையைத் தூக்கி எறிந்துவிடுவோம். (பையன்கள் கோலிக்குப் பதிலாக வைத்து விளையாடினால் உண்டு.) இங்கே தில்லிப் பக்கம் இதன் சகோதர மரத்துக்கு ரீட்டா என்று பெயர். நாம் எறிந்த அந்தக் கறுப்பு விதைக்கு, பௌத்த ஜெபமாலையின் சரித்திரத்தில் பெரிய இடம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் மஜ்னு கா டில்லாவுக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. யமுனைக் கரையில் 1960களில் உருவான திபெத்திய அகதிகள் குடியிருப்பு அது. சந்து முழுக்க மாலைக் கடைகள். வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது ஒரிஜினல் போதி விதையா?" புத்தகயா போனவர்களும் இதையே கேட்டிருப்பீர்கள். கேள்வி சின்னது. பதில் சொல்ல ஆயிரத்து ஐந்நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். பாலி மரபில் பிக்குவுக்கு உரிய பொருட்கள் எட்டு. மூன்று துவராடை, திருவோடு, சவரக்கத்தி, ஊசி, இடுப்புக் கச்சை, தண்ணீர் வடிகட்டி. பட்டியலில் மாலை இல்லை. அது பிறகு வந்து சேர்ந்த பொருள்.

எப்படி வந்தது? சீன மொழியில் மட்டும் தங்கியிருக்கும் ஒரு சின்ன சூத்திரம் இதற்கு ஒரு கதை சொல்கிறது. மொழிபெயர்த்தவர் பெயர் தெரியாத பழைய நூல். ஒரு சிறிய நாட்டு ராஜா புத்தருக்குத் தூது அனுப்புகிறார். "என் நாட்டில் கொள்ளையர் தொல்லை, கொள்ளை நோய், தானிய விலை ஏற்றம். எனக்கோ ஓய்வே இல்லை. ஆழ்ந்த தர்மமெல்லாம் படிக்க நேரமில்லை. சுலபமாக ஏதாவது சொல்லுங்கள்" என்பது அவர் கோரிக்கை. (இன்றைக்கு நம்மில் பலர் சொல்வதும் இதேதான் :-)) புத்தர் சொன்ன வழி: 108 பூந்திக்கொட்டை விதைகளைக் கோர்த்து எப்போதும் கையோடு வைத்துக்கொள். நடந்தாலும் உட்கார்ந்தாலும் படுத்தாலும், புத்தம், தர்மம், சங்கம் என்று மனதை ஒருமுகப்படுத்திச் சொல்லி ஒவ்வொரு விதையாகத் தள்ளு. பத்து லட்சம் முறை ஆனால் 108 கட்டுகளும் அறும்.

கவனியுங்கள், கேட்டவர் ராஜா. முத்தும் பவளமும் அவர் கஜானாவில் இருந்திருக்கும். சொல்லப்பட்டதோ மரத்தடியில் பொறுக்கி எடுக்கும் கொட்டை. சீனத்தில் இந்த மரத்துக்கு வழங்கும் ஒரு பெயருக்கு 'துன்பமில்லாதது' என்று பொருள்.

அடுத்து வருகிறவர் நமக்குப் பள்ளிப் பாடத்தில் அறிமுகமான இட்சிங். நாளந்தாவில் சுமார் பத்தாண்டு படித்துவிட்டு ஊர் திரும்பிய சீனத் துறவி. கி.பி. 710ல் அவர் மொழிபெயர்த்த ஒரு சிறு நூல், மாலை எதனால் செய்யப்பட்டால் எவ்வளவு புண்ணியம் என்று பட்டியல் போடுகிறது. இரும்பு மணிக்கு 5 மடங்கு. செம்புக்கு 10. முத்து, பவளத்துக்கு 100. பூந்திக்கொட்டைக்கு 1,000. தாமரை விதைக்கு 10,000. அதற்கும் மேலே ருத்ராட்சம், படிகம். எல்லாவற்றுக்கும் உச்சியில் போதி விதை, அதற்குக் கணக்கே கிடையாது. 108 மணி கிடைக்காதவர்கள் 54, 27, ஏன் 14 மணி வைத்தும் ஜெபிக்கலாம் என்று சலுகையும் உண்டு.

பவளத்தைவிடக் கொட்டைக்குப் பத்து மடங்கு மதிப்பு என்று எழுதி வைத்தவர்கள், ஏழையின் பக்கம் நின்றிருக்கிறார்கள். ஆனால் அதே பட்டியலின் கடைசி வரியை வியாபாரம் பிடித்துக்கொண்டது.

ஏனென்றால் போதி மரம் நம் அரசமரம். அரசம்பழத்தைப் பிய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே விதை கடுகைவிடச் சின்னது. அதில் எங்கே துளை போட்டு நூல் கோர்ப்பது? ஆகவே கடையில் 'போதி விதை' என்று விற்பவை எல்லாம் வேறு மரங்களின் விதைகள்.

வெள்ளையில் கரும்புள்ளியும் ஒரு சின்ன வட்டமும் உள்ள 'சந்திர நட்சத்திர' மணி, பிரம்புக் கொடியின் விதை. தந்தம் போல வழவழக்கும் வெள்ளை மணி தாளிப்பனையின் கொட்டை. பௌத்த ஏடுகள் பல எழுதப்பட்ட ஓலை இந்தப் பனையினுடையதுதான். பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்துக் காய்த்துவிட்டுப் பட்டுப்போகும் மரம். நேபாளத்தின் காவ்ரே மாவட்டத்துத் தேமால் பகுதியிலிருந்து வரும் புகழ்பெற்ற 'போதிசித்த' மணியோ, இலந்தை இனத்து மரத்தின் விதை. தாவரவியலாளர்கள் அதைத் தனி இனமாக அடையாளம் கண்டு புத்தர் பெயரைச் சேர்த்துப் பெயர் வைத்ததே 2015ல்தான்.

திபெத்தியர்கள் மூலப்பொருளை வேறு கணக்கில் பார்த்தார்கள். எந்தத் தெய்வத்தைத் தியானிக்கிறோமோ அதற்கேற்ற மணி. 1895ல் வெளியான வாடெல் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் நூல் விவரமாகச் சொல்கிறது: கருணைத் தெய்வமான சென்ரேசிக்குச் சங்கு, தாராவுக்குப் பச்சை நீலக் கல், தம்தினுக்குச் செஞ்சந்தனம், உக்கிர தெய்வத்துக்கு மனித மண்டையோட்டு எலும்பு. கடலே இல்லாத நாட்டுக்குச் சங்கு எங்கிருந்து? மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்த சங்கு கப்பலேறி வங்காளம் போகும். அங்கே அறுபட்டு இமயமலை நாடுகளுக்கு ஏறும். 17ம் நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு நகை வியாபாரி தவெர்னியே, டாக்காவிலும் பாட்னாவிலும் நடந்த இந்த வளைத் தொழிலையும், சரக்கு பூடானுக்குப் போனதையும் எழுதியிருக்கிறார்.

எண்ணும் முறையும் அழகானது. மாலை ஒரு சுற்று வந்தால் 108 அல்ல, 100 என்றே கணக்கு வைப்பார்கள். மீதி 8, இடையில் கவனம் சிதறி விட்டுப்போனவற்றுக்கு ஈடு. பக்கத்தில் தொங்கும் இரண்டு சின்னச் சரங்களில் பத்துப் பத்து வளையம். ஒன்று சுற்றுகளை எண்ண, மற்றது பத்துச் சுற்றுகளை எண்ண. ஆக இரண்டு சரமும் முடிந்தால் பத்தாயிரம்.

கைவேலை என்றால் என்ன? விதையின் தோல் நீக்கி வெயிலில் காயவைத்து, சல்லடையில் அளவு பிரித்து, நடுவில் துளையிட்டு, தேய்த்து, ஒரே நிறமாகப் பொறுக்கிக் கோர்க்க வேண்டும். மேருவுக்கு மட்டும் மூன்று துளை. துளையிடுவது இப்போது பெரும்பாலும் மோட்டாரில்தான். பொறுக்குவதும் கோர்ப்பதும் இன்னும் விரல்கள்.

இந்த வேலைக்குக் கிடைக்கும் கூலிக்கும் கடைசி விலைக்கும் சம்பந்தமே இல்லாமல் போனது 2010களில். சீனச் சந்தையில் போதிசித்த மோகம் பிடித்ததும், தேமால் மலைக் கிராமங்களில் மரத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, இரவுக் காவல். காய் மரத்தில் இருக்கும்போதே மொத்த விளைச்சலுக்கும் விலை பேசினார்கள். மணி எவ்வளவு சின்னதோ அவ்வளவு விலை. ஏழை விவசாயி சிலர் வீடு கட்டினார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. திருட்டும் சண்டையும் கூடவே வந்தன. கட்டுகளை அறுக்கக் கொடுத்த மாலை புதுக் கட்டு போட்டுவிட்டது.

மஜ்னு கா டில்லாவில் ஒரு கடைக்கார அம்மாவிடம், "நீங்கள் உருட்டும் மாலை எந்த விதை?" என்று கேட்டேன். "சாதா மரம், பேட்டா. கயிறுதான் நாலைந்து தடவை மாற்றியாச்சு" என்றார். கை பட்டுப் பட்டு மணிகள் கறுத்துப் பளபளத்தன. அந்தப் பளபளப்பைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

எனவே வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: "ஒரிஜினலா?" என்று கேட்காதீர்கள். "எந்த மரம், எந்த ஊர், கோர்த்தது யார்?" என்று கேளுங்கள். மலிவான பவளமும் நீலக்கல்லும் பெரும்பாலும் சாயம் ஏற்றிய கல்லோ பிளாஸ்டிக்கோதான். மர மணிக்கும் சாதாரண விதைக்கும் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை.

அடுத்த முறை ஊரிலிருந்து சீயக்காயோடு பூந்திக்கொட்டையும் வந்தால், விதைகளை எறியாமல் பிள்ளைகளிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். 108 தேறாவிட்டால் 27 போதும், இட்சிங் அனுமதி கொடுத்திருக்கிறார்!

பி.கு.: பூந்திக்கொட்டை, பூவந்திக்கொட்டை, பூச்சக்கொட்டை... உங்கள் ஊரில் என்ன பெயர்?