விமானியறைக்குள் வந்த உளவியலாளர்கள்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானப்படையில் ஒரே வகையான விபத்து அடிக்கடி நேர்ந்தது. பி-17 குண்டுவீச்சு விமானம் பத்திரமாகத் தரையிறங்கி ஓடுபாதையில் வேகம் குறைந்துகொண்டிருக்கும். இறக்கையின் பின்னோரத்து ஃபிளாப் தகடுகளை மடக்க வேண்டிய விமானி, சக்கரங்களை மடக்கிவிடுவார். விமானம் வயிறு தரையில் உரச, சறுக்கி நிற்கும். 'விமானியின் பிழை' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

அன்றைய சோதனை முறையில் இதற்கு மேல் கேட்க இடமும் இல்லை. வேகம், உயரம், எஞ்சின் திறன் ஆகியவற்றைப் பொறியாளர்கள் அளந்தார்கள். குளிரையும் ஆக்சிஜன் குறைவையும் விமானியின் உடல் தாங்குமா என்பதை மருத்துவர்கள் பார்த்தார்கள். விமானியின் கை விசையைத் தொடும் இடம் இரு தரப்பாருடைய பொறுப்பிலும் வரவில்லை.

ஒஹாயோ மாநிலம் டேட்டனில் உள்ள ரைட் ஃபீல்டு தளத்தின் விமான மருத்துவ ஆய்வகத்தில் பணியாற்றிய உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சாபானிஸ், 1943-இல் இந்த விபத்துகளை ஆராய்ந்தார். பி-17, பி-25 குண்டுவீச்சு விமானங்களிலும் பி-47 (P-47) போர் விமானத்திலும் நடக்கும் தவறு சி-47 சரக்கு விமானத்தில் ஏன் நடப்பதில்லை என்பதே அவருக்குத் துப்புக் கொடுத்தது. பி-17-இல் சக்கரத்துக்கும் ஃபிளாப்புக்கும் ஒரே தோற்றமுள்ள இரு விசைகள் அருகருகே இருந்தன. சி-47-இல் அவை தள்ளியிருந்தன, இயக்கும் விதமும் வேறு. பி-17-இன் சக்கர விசையில் சிறிய ரப்பர் சக்கரத்தையும் ஃபிளாப் விசையில் ஃபிளாப் வடிவக் கட்டையையும் அவர் பொருத்தச் செய்தார். பார்க்காமலே, தொட்ட மாத்திரத்தில் எது எதுவென்று கைக்குத் தெரிந்தது. பெரும் செலவில்லாத இந்தத் திருத்தத்துக்குப் பின் அவ்வகை விபத்துகள் அநேகமாக நின்றன. போர்க்காலத் தொழில்நுட்பத்தில் இத்தனை மலிவான வெற்றி அபூர்வம்.

அதே ஆய்வகத்தில் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் விமானிகளிடமே கேட்டுத் திரட்டிய 460 'பிழை' அனுபவங்களை 1947-இல் வகைப்படுத்தினார்கள். ஏறக்குறைய பாதி, ஒரு விசைக்குப் பதில் இன்னொன்றை இயக்கியவை. அதில் வியப்பில்லை. பி-25-இல் த்ராட்டில், ப்ரொப்பெல்லர், எரிபொருள் கலவை என்ற வரிசையில் நெம்புகோல்கள் இருக்க, சி-47-இல் ப்ரொப்பெல்லர் முதலில் வந்தது. விமானம் மாறி ஏறியவரின் கை பழைய வரிசையைத் தேடியது.

இங்கிலாந்தில் ஆய்வு வேறு திசையில் போனது. கேம்பிரிட்ஜில் கென்னத் கிரெய்க் ஸ்பிட்ஃபயர் விமானியறையை ஆய்வுக்கூடத்தில் அமைத்து, சோர்வைச் சோதிக்க வழிசெய்தார். நேரம் ஆக ஆக, விமானிகள் எரிபொருள் மானி போன்ற ஓரத்துக் கருவிகளைக் கவனிக்க மறந்தார்கள். ஆனால் தாங்கள் நன்றாகவே ஓட்டுவதாக நம்பினார்கள். விமானியிடம் கேட்டு மட்டும் விமானத்தை மதிப்பிட முடியாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. ரேடார் திரையைப் பார்ப்பவரின் விழிப்பு அரை மணி நேரத்திலேயே சரிவதை நார்மன் மக்வொர்த் காட்டினார். அதற்கு அவர் பயன்படுத்தியது, எப்போதாவது இரட்டைத் தாவல் போடும் ஒற்றை முள் கடிகாரம்.

1950-இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளின் உடலை அளந்தது. பத்து முக்கிய அளவுகளிலும் சராசரியை ஒட்டியவர் எத்தனை பேர் என்று கில்பர்ட் டேனியல்ஸ் எண்ணிப் பார்த்தார். ஒருவர்கூட இல்லை. 'சராசரி விமானி'க்காக இருக்கை செய்யும் வழக்கம் அதோடு பிடிமானம் இழந்தது. நகர்த்தியமைக்கக்கூடிய இருக்கையும் பெடலும் பரவின.

இந்த அறிவு விதியாக மாறத் தாமதமானது. ராணுவக் கருவிகளுக்கான மனிதப் பொறியியல் தரநிலையான மில்-எஸ்டிடி-1472 வெளிவந்தது 1968-இல்தான். ஆயுதத்தை உருவாக்குபவர்களே அதற்குச் சான்றும் தருவதில் அதிருப்தி கொண்ட அமெரிக்கக் காங்கிரஸ், 1983-இல் பாதுகாப்புத் துறையில் தனிச் சோதனை இயக்ககத்தை ஏற்படுத்தியது. அங்கே செயல்பாட்டுச் சோதனை என்பதைச் சட்டமே வரையறுக்கிறது: போர்க்களத்தை ஒத்த சூழலில், அக்கருவியை வழக்கமாகக் கையாளக்கூடிய சாதாரணப் படைவீரர்களைக் கொண்டு அது நடக்க வேண்டும்.