பஸ் வரும் ஊர், பஸ் நிற்காத சேரி

சென்சஸ்காரர்கள் சேரித் தலைகளைத் தனியாகத்தான் எண்ணுகிறார்கள். மொத்தம் இவ்வளவு, அதில் எஸ்.சி. இவ்வளவு. 2011 கணக்கில் தமிழகத்தின் 7.21 கோடிப் பேரில் நாம் 1.44 கோடி, ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் கிராம வசதிகளை எழுதும் ஏடு வேறு மாதிரி. பஸ் உண்டா? உண்டு. இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்குள்ளா, 5லிருந்து 10க்குள்ளா, அதற்கும் மேலா? இது வருவாய்க் கிராமம் முழுமைக்குமான ஒரே விடை. ஊர்த்தெருவில் நின்று அப்படியே திரும்பிப் போகிற பஸ்ஸும் சேரிக்கும் சேர்த்து 'உண்டு' என்றுதான் பதிவாகும். ஆளை எண்ணும்போது பிரித்த அதே கை, பஸ்ஸை எழுதும்போது நம்மை ஊரோடு சேர்த்துவிடுகிறது.

2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் வருவாய்க் கிராமத்தை விட்டுக் குடியிருப்பைக் கணக்கில் எடுத்தது. சமவெளியில் 500 பேர் இருந்தால் சாலை. நல்லதுதான். ஆனால் சாலை போட்ட இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கிற குடியிருப்பு ஏற்கெனவே இணைக்கப்பட்டதாகவே கணக்கு. ஊருக்கும் சேரிக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு வயலோ வாய்க்காலோதான் இருக்கும். கூப்பிட்ட குரலுக்கு வேலைக்கு ஓடிவரணும், நிழல் மட்டும் மேல படக்கூடாது என்று சாதி அளந்து வைத்த தூரம் அது. பொறியாளரின் நாடாவுக்கு அது தூரமே இல்லை. மழைக்காலத்தில் அந்த வரப்பு வழியாகப் பிரசவ வலிக்காரியைத் தூக்கிக்கொண்டு போனவர்களைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்கள்.

சாலையில் நடப்பதே சண்டையாக இருந்த காலம் ரொம்ப தூரத்தில் இல்லை. பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் பொது என்று 1924இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர இரட்டைமலை சீனிவாசன் வேண்டியிருந்தது. மோட்டார் பஸ் வந்தபோது தீண்டாமையும் சீட்டு பிடித்து உட்கார்ந்துகொண்டது. இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்சு கிடையாது என்று உத்தரவு போட்ட பிறகே அங்கு பலருக்கு ஏற முடிந்தது. 1972இலிருந்து அரசுக் கழகங்கள் வந்தன. முதலாளி மாறினார். தடம் எங்கே போகும், எங்கே நிற்கும் என்பதில் ஊர்ப் பெரியதனக்காரர்களின் வாக்கு அவ்வளவாக மாறவில்லை.

1995 ஜூலையில் வீரசிகாமணியில் மறவர் சாதி பஸ் டிரைவருக்கும் தலித் மாணவர்களுக்கும் நடந்த தகராறில் பற்றிய தீ, தென்மாவட்டம் முழுக்கப் பரவியது. ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் படை கொடியங்குளத்துக்குள் புகுந்தது. வளைகுடாவில் சம்பாதித்த பிள்ளைகள் அனுப்பிய காசில் சற்றே நிமிர்ந்த தலித் கிராமம் அது. டி.வி., மின்விசிறி, தையல் மிஷின், எல்லாம் உடைந்தன. குடிக்கிற கிணற்றில் எண்ணெயை ஊற்றினார்கள். அந்த வீடுகளின் சாமான்களைப் பார்த்துத்தான் கை ஓங்கியது என்று நினைக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். சாதித் தலைவர்கள் பெயரில் ஏற்கெனவே எத்தனையோ கழகங்கள் ஓடிக்கொண்டிருந்தன, யாரும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. இந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் மட்டும் ஏறமாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். கலவரம், உயிர்ப்பலி. ஜூலையில் அரசு எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டது, கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும். ஒரு பள்ளர் வீரனின் பெயரைத் தாங்கமுடியாதவர்களுக்காக அத்தனை பெயர்ப்பலகைகளும் அழிந்தன.

2021இல் வந்த 'கர்ணன்' படத்தில் பஸ் நிறுத்தம் கேட்கும் பொடியங்குளத்தைப் பார்த்து, இது பழைய கதைதானே என்றார்கள் சிலர். அதே வருஷம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று ஆனது. கூலிக்குப் போகும் நம் பெண்களுக்கு அது பெரிய விஷயம்தான், பஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஊர்த்தெரு வழியாகப் பேச்சு வாங்காமல் போய்ச் சேர்ந்தால்.

2021இல் எடுத்திருக்க வேண்டிய சென்சஸை 2027க்கு என்று அறிவித்திருக்கிறார்கள். சாதியையும் எழுதப்போகிறார்களாம். எழுதட்டும். எஸ்.சி. எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போடச் சொல்லி இப்போதே கேட்கவேண்டும்: சேரியிலிருந்து பஸ் நிற்கும் இடம் எத்தனை மீட்டர், நடுவில் யார் தெரு.