குடியேற்றக் கால ரோட் தீவு: சமயம், வணிகம், மோதல்

ரோட் தீவு என்பது வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஆங்கிலேயர் அமைத்த பதின்மூன்று குடியேற்றங்களுள் பரப்பளவில் மிகச் சிறியது. பெயரில் தீவு என்று இருந்தாலும் இதன் பெரும்பகுதி தலைநிலத்திலேயே உள்ளது. சமயத்தின் பேரால் துரத்தப்பட்டவர்களுக்கு இது புகலிடமாக விளங்கியது. அதே வேளையில், வட அமெரிக்கக் குடியேற்றங்களிலேயே ஆப்பிரிக்க அடிமை வணிகத்தில் மிகுதியாக ஈடுபட்டதும் இதுவே. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அமெரிக்க விடுதலைக்கு முந்தைய சமூகத்தைச் சரியாக அறிய முடியும்.

தோற்றம்

இங்கிலாந்தில் தம் வழிபாட்டு முறைக்குத் தடை இருந்ததால் பியூரிட்டன்கள் என்னும் தூய்மைவாதிகள் மாசசூசெட்சில் குடியேறினர். ஆனால், தமக்கு வேண்டிய உரிமையை அவர்கள் பிறருக்குத் தரவில்லை. 1631 இல் அங்கு வந்த ரோஜர் வில்லியம்ஸ் என்னும் போதகர் இரண்டு கருத்துகளை வலியுறுத்தினார். ஒருவரின் சமய நம்பிக்கைக்காக அவரைத் தண்டிக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்பது ஒன்று. பழங்குடி மக்களின் நிலத்தை அவர்களிடம் விலைக்கு வாங்காமல், அரசர் கொடுத்த பட்டயத்தை மட்டும் காட்டி எடுத்துக்கொள்வது முறையன்று என்பது மற்றொன்று. இதனால் 1635 இல் அவருக்கு நாடு கடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. கடுங்குளிரில் தப்பிச் சென்ற அவர், நராகன்செட் மக்களின் தலைவர்களான கேனானிகஸ், மியான்டனோமி ஆகியோரிடம் நிலம் பெற்று 1636 இல் பிராவிடன்ஸ் நகரை நிறுவினார். அம்மக்களின் மொழியைக் கற்று, அதைப் பற்றி 1643 இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

மாசசூசெட்சிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆன் ஹட்சின்சனும் அவரைச் சார்ந்தோரும் 1638 இல் போர்ட்ஸ்மவுத்தில் குடியேறினர். மறு ஆண்டில் நியூபோர்ட் நகரம் உருவானது.

சமய உரிமையும் அதன் எல்லையும்

ஜான் கிளார்க்கின் முயற்சியால் 1663 இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் இக்குடியேற்றத்திற்குப் பட்டயம் வழங்கினார். பொது அமைதியைக் குலைக்காதவரை, சமயக் கருத்து வேறுபாட்டிற்காக யாரும் துன்புறுத்தப்படக் கூடாது என்பது அதன் சிறப்புக் கூறு. நண்பர்கள் சபையினரான குவேக்கர்களை வெளியேற்றுமாறு அண்டைக் குடியேற்றங்கள் கேட்டபோது ரோட் தீவு மறுத்துவிட்டது. ரோட் தீவைச் சேர்ந்த குவேக்கரான மேரி டயர், தடையை மீறி பாஸ்டனுக்குச் சென்றதற்காக 1660 இல் அங்கே தூக்கிலிடப்பட்டார். இரண்டு இடங்களுக்கும் இடையே இருந்த வேறுபாட்டை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

நியூபோர்ட்டில் யூதர்களும் வாழ்ந்தனர். அவர்களின் தொழுகைக் கூடம் 1763 இல் திறக்கப்பட்டது. எனினும், வழிபாட்டுரிமை இருந்த அளவுக்குக் குடியுரிமை இருக்கவில்லை. ஏரன் லோபஸ் என்னும் யூத வணிகரின் குடியுரிமை விண்ணப்பத்தை ரோட் தீவு ஏற்கவில்லை. 1762 இல் அவர் அதை மாசசூசெட்சில் பெற நேர்ந்தது.

பழங்குடிகளுடன் போர்

குடியேறியோரின் நிலத் தேவை பெருகப் பெருகப் பழைய நட்பு முறிந்தது. 1675 இல் வாம்பனோக் தலைவர் மெட்டாகொம் தலைமையில் போர் மூண்டது. அவரை ஆங்கிலேயர் ‘பிலிப் அரசர்’ என்று அழைத்தனர். அவ்வாண்டு டிசம்பர் 19 அன்று மாசசூசெட்ஸ், பிளிமத், கனெக்டிகட் படைகள் ரோட் தீவுப் பகுதிக்குள் நுழைந்து, சதுப்பு நிலத்தில் இருந்த நராகன்செட் கோட்டையைத் தாக்கித் தீயிட்டன. பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1676 மார்ச்சில் பழங்குடிகள் பிராவிடன்ஸ் நகரை எரித்தபோது வில்லியம்சின் வீடும் எரிந்தது. போர் முடிந்தபின் சிறைப்பட்ட பழங்குடியினரைக் கட்டாய ஊழியத்திற்கு விற்ற குழுவில் முதிய வயதில் வில்லியம்சும் இடம்பெற்றார். அவருடைய வாழ்வில் இது மறைக்க முடியாத முரண்பாடு.

ரம், மொலாசஸ், அடிமைகள்

மண்வளம் குறைந்த ரோட் தீவுக்குக் கடலே பிழைப்பானது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து மொலாசஸ் என்னும் சர்க்கரைக் கழிவுப்பாகு வந்தது. அதிலிருந்து நியூபோர்ட்டிலும் பிராவிடன்சிலும் ரம் வடிக்கப்பட்டது. அந்த ரம்மை ஆப்பிரிக்கக் கரையில் கொடுத்து மனிதர்களை வாங்கினர். அவர்களை மேற்கிந்தியத் தீவுகளில் விற்று மீண்டும் மொலாசஸ் ஏற்றினர். இதுவே முக்கோண வணிகம் எனப்படுகிறது.

1764 இல் இக்குடியேற்றம் பிரித்தானிய அரசுக்கு அனுப்பிய முறையீட்டிலேயே இவ்வணிகத்தின் அளவு தெரிகிறது. ஆண்டுக்குச் சுமார் 14,000 பெரும் பீப்பாய் மொலாசஸ் இறக்குமதி. முப்பதுக்கும் மேற்பட்ட ரம் ஆலைகள். ஆப்பிரிக்காவுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 18 கப்பல்கள். மொலாசசில் 2,500 பீப்பாய்களுக்கு மேல் பிரித்தானியத் தீவுகளிலிருந்து வரவில்லை. எஞ்சியது வேற்று நாட்டுத் தீவுகளின் சரக்கு. 1733 ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய சரக்கின் மீது காலனுக்கு 6 பென்ஸ் வரி விதித்திருந்தது. வணிகர்கள் கடத்தலாலும் கையூட்டாலும் அதைத் தவிர்த்துவந்தனர். 1764 ஆம் ஆண்டுச் சர்க்கரைச் சட்டம் வரியை 3 பென்சாகக் குறைத்தது. ஆனால் கண்டிப்பாக வசூலிக்க ஏற்பாடு செய்தது. எதிர்ப்புக்குக் காரணம் இந்தக் கண்டிப்பே.

அதே ஆண்டில் பிராவிடன்சின் பிரவுன் குடும்பத்தினர் ‘சாலி’ என்னும் கப்பலை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினர். வாங்கப்பட்ட 196 பேரில் குறைந்தது 109 பேர் நோயாலும் பசியாலும் கலகத்தை அடக்கிய துப்பாக்கிச் சூட்டாலும் இறந்தனர். உடன்பிறந்தோருள் மோசஸ் பிரவுன் பின்னர் தம் அடிமைகளை விடுவித்து, குவேக்கராகி, அடிமை வணிகத்தை எதிர்த்தார். ஜான் பிரவுன் அதைக் கைவிடவில்லை.

விடுதலையை நோக்கி

1772 ஜூன் 9 அன்று ‘காஸ்பி’ என்னும் பிரித்தானியச் சுங்கக் காவல் கப்பல், ஒரு படகைத் துரத்தும்போது தரைதட்டியது. அன்றிரவு ஜான் பிரவுனின் ஏற்பாட்டில் படகுகளில் சென்றவர்கள் அதைப் பிடித்து எரித்தனர். குற்றவாளிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று விசாரிக்கலாம் என்ற செய்தி எல்லாக் குடியேற்றங்களையும் கொதிப்படையச் செய்தது. ஆனால் சாட்சி சொல்ல ஆள் கிடைக்காததால் எவரும் தண்டிக்கப்படவில்லை.

1774 இல் ரோட் தீவுச் சட்டமன்றம் அடிமைகளை இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. தமக்கு உரிமை வேண்டுவோர் பிறருக்கும் அதைத் தர வேண்டும் என்னும் கருத்து அச்சட்டத்தின் முன்னுரையில் இடம்பெற்றது. ஆயினும், மேற்கிந்தியத் தீவுகளில் விற்பனையாகாமல் திரும்பும் அடிமைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. வேறு இடங்களில் விற்பதற்கும் தடை இல்லை.

1776 மே 4 அன்று, விடுதலை அறிவிப்புக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, ரோட் தீவு பிரித்தானிய மன்னர்மீதான பற்றுறுதியைத் துறந்தது. அடிமைத் தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளைப் படிப்படியாக விடுவிக்கும் சட்டமோ 1784 இல்தான் வந்தது. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1807 வரை இங்கிருந்து 900க்கும் மேற்பட்ட அடிமைக் கப்பல் பயணங்கள் நடந்தன என்றும், அவற்றில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆப்பிரிக்கர்கள் கடத்தப்பட்டனர் என்றும் ஆய்வாளர்கள் கணித்துள்ளனர்.