இந்திய விளையாட்டு அச்சிதழ்கள்

இந்திய விளையாட்டு அச்சிதழ்கள் என்பன விளையாட்டுச் செய்திகளுக்கும் ஒளிப்படங்களுக்கும் என்றே வெளியிடப்பட்ட வார, மாத இதழ்களைக் குறிக்கும். 1970களின் இறுதியிலிருந்து 1990கள் வரை பரவலாகப் படிக்கப்பட்ட இவை, தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றின் வளர்ச்சியால் படிப்படியாக நலிவடைந்தன.

வரலாறு

சென்னையைச் சேர்ந்த தி இந்து குழுமம், 1947 முதல் 1968 வரை ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் என்னும் ஆங்கில வார இதழை வெளியிட்டது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டது 1975இல் தான். எனவே 1960, 1961 ஆண்டுகளில் ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதியை எட்டியபோது, தமிழக மக்கள் அதனை நாளேடு, இதழ், வானொலி ஆகியவற்றின் வழியாகவே அறிந்தனர்.

இக்குழுமம் 1978 ஜூலையில் ஸ்போர்ட்ஸ்டார் இதழைத் தொடங்கியது. மும்பையிலிருந்து ஸ்போர்ட்ஸ்வீக், கொல்கத்தாவிலிருந்து ஸ்போர்ட்ஸ்வேர்ல்ட் ஆகியன வெளிவந்தன. ஸ்போர்ட்ஸ்வேர்ல்டின் ஆசிரியராக இந்தியக் கிரிக்கெட் அணியின் முன்னாள் தலைவர் மன்சூர் அலி கான் பட்டோடி பணியாற்றினார். இவ்விரு இதழ்களும் பின்னர் நின்றுபோயின. 1978இல் தில்லியில் தொடங்கப்பட்ட கிரிக்கெட் சாம்ராட் என்னும் இந்தி இதழ், கொரோனாப் பெருந்தொற்றுக் காலமான 2020இல் நிறுத்தப்பட்டது. ஸ்போர்ட்ஸ்டார் 2006இல் சிறுநாளேட்டு வடிவிற்கும், 2012இல் மீண்டும் இதழ் வடிவிற்கும் மாறியது. பின்னர் வார இதழாக வெளிவருவதும் நின்றது.

சிறப்பிதழ்கள்

உலகக்கோப்பை, ஒலிம்பிக் போன்ற போட்டிகளையொட்டிச் சிறப்பிதழ்கள் வெளியிடப்பட்டன. போட்டிக்கு முன் வருபவை அட்டவணை, அணி விவரம், பழைய முடிவுகள் ஆகியவற்றையும், பின் வருபவை முழு ஆட்ட விவரங்களையும் ஒளிப்படங்களையும் தாங்கி வந்தன. ஸ்போர்ட்ஸ்டாரின் நடுப்பக்க வண்ணப் படங்களைச் சிறுவர்கள் சுவரில் ஒட்டி வைப்பது வழக்கம்.

நலிவிற்கான காரணங்கள்

* ஆட்டம் முடிந்து சில நாட்கள் கழித்தே வார இதழ் வாசகரை அடையும். நேரடி ஒளிபரப்பு பெருகியபின் முடிவை அறிய இதழ் தேவைப்படவில்லை.
* 1993இல் தொடங்கப்பட்ட கிரிக்இன்ஃபோ போன்ற தளங்கள், புள்ளிவிவரங்களை உடனுக்குடன் இலவசமாக அளித்தன. அட்டவணையும் அணி விவரமும் கைபேசிக்கே வந்தமையால் சிறப்பிதழின் தேவையும் குறைந்தது.
* விளம்பரங்கள் தொலைக்காட்சிக்கும் இணையத்திற்கும் இடம்பெயர்ந்தன. வண்ண அச்சு, தாள் ஆகியவற்றின் செலவை விற்பனை வருவாயால் மட்டும் ஈடுகட்ட இயலவில்லை.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 1886 முதல் வெளிவந்த ஸ்போர்ட்டிங் நியூஸ் 2012இல் அச்சை நிறுத்தியது. 1954இல் வார இதழாகத் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் இல்லஸ்டிரேட்டட், 2020இல் மாத இதழானது. அர்ஜென்டினாவின் எல் கிராஃபிகோ (1919) 2018இல் அச்சில் வருவதை நிறுத்திக்கொண்டது.

ஆவண மதிப்பு

பெரிய கிரிக்கெட் போட்டிகளின் விவரங்கள் இன்று இணையத்தில் எளிதில் கிடைக்கின்றன. ஆனால் மாநில அளவிலான தடகளம், வளைதடிப் பந்தாட்டம், கைப்பந்து, சதுரங்கம் போன்றவற்றின் பழைய போட்டிகளுக்கு ஒளிப்பதிவு இருப்பது அரிது. அவற்றில் பங்கேற்ற வீரர்களின் பெயர்கள் பல, பழைய இதழ்களிலும் நாளேடுகளிலும் மட்டுமே எஞ்சியுள்ளன. நூலகங்களிலும் தனியார் சேமிப்புகளிலும் உள்ள பழைய இதழ்கள் எண்ணிமப்படுத்தப்படாமல் அழியுமானால், அவ்வீரர்களைப் பற்றிய பதிவும் அவற்றுடன் மறைந்துவிடும். ஆகவே விளையாட்டு வரலாற்றை ஆய்வோருக்கு இவ்விதழ்கள் இன்றியமையாத சான்றுகளாகும்.