கொல்வதா, காப்பதா? கோழித் தடுப்பூசியின் கதை

விஞ்ஞான ஆய்வுகூடமொன்றில் உருவாக்கப்பட்ட முதலாவது தடுப்பூசி மனிதனுக்கானதல்ல என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். அது கோழிகளுக்கானது. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1880 ஆம் ஆண்டில் கோழிகளைத் தாக்கும் கொலராக் கிருமியை வலுவிழக்கச் செய்து, அதனையே அந்நோய்க்கான தடுப்பாகப் பயன்படுத்திக் காட்டினார். அதற்கு இரு வருடங்கள் முன்னதாக, இத்தாலியின் வடபகுதியில் கோழிகளைக் கூட்டங்கூட்டமாக மாய்த்த இன்னொரு கொள்ளைநோயை எடோர்டோ பெரொன்சிட்டோ என்பவர் பதிவு செய்திருந்தார். ஆரம்பத்தில் இவ்விரு நோய்களையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டவர்களும் உண்டு. அந்த இரண்டாவது நோயே இன்று நாம் பறவைக் காய்ச்சல் என்று அழைப்பது. அதற்குக் காரணம் இன்புளுவென்சா வைரஸ் என்பதை 1955 இல் ஜேர்மன் விஞ்ஞானி வேர்னர் ஷேபர் நிரூபித்தார்.

கோழிக் கொலராவுக்கு ஊசி கண்டுபிடித்தவுடன் உலகம் அதனைக் கொண்டாடியது. பறவைக் காய்ச்சலைப் பொறுத்தவரையோ, ஊசி தயாரிக்கும் வித்தை கைவந்த பின்னரும் அதைப் போடுவதா, இல்லையா என்ற சர்ச்சை இன்னமும் ஓய்ந்தபாடில்லை.

இந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. தடுப்பூசி பெற்ற கோழி சாவிலிருந்து தப்பிவிடும். வெளியேற்றும் வைரஸின் அளவும் குறையும். ஆனால், தொற்று முற்றாக நின்றுவிடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நோயின் அறிகுறி எதுவுமின்றி அக்கோழி வைரஸைச் சுமந்து திரியவும் கூடும். மேலும், சாதாரண இரத்தப் பரிசோதனையில் ஊசியால் உண்டான எதிர்ப்புச் சக்தியையும் நோயால் உண்டானதையும் பிரித்தறிவது கடினம். எனவே, ஊசி போடும் நாட்டின் இறைச்சியை வாங்க ஏனைய நாடுகள் மறுத்தன. நோய் கண்ட பண்ணையை முற்றாக அழித்துவிடுவதே கேள்விக்கு இடமில்லாத வழி என்ற கொள்கை நிலைபெற்றது. 1983 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆரம்பித்த தொற்றை அடக்குவதற்காக அழிக்கப்பட்ட பறவைகள் சுமார் 1 கோடி 70 இலட்சம்.

இக்கொள்கையிலிருந்து முதலில் பெருமளவில் விலகிய நாடு மெக்சிக்கோ. அங்கு 1994 இல் சாதாரணமாகப் பரவிவந்த எச்5என்2 வைரஸ் அவ்வாண்டின் முடிவில் கொடிய வடிவமெடுத்தது. 1995 ஜனவரியில் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் கொடிய வைரஸ் மறைந்தது. வீரியம் குறைந்த வடிவமோ மறையவில்லை. அதே பழைய ஊசி ஆண்டுக்கணக்கில் போடப்பட்டுவர, வைரஸ் மெல்ல மெல்லத் தன்னை மாற்றிக்கொண்டு ஊசியின் பிடியிலிருந்து விலகிச் சென்றதை 2004 இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. ஊசியைப் போட்டுவிட்டுக் கண்காணிப்பைக் கைவிடுவது எத்தகைய ஆபத்து என்பதற்கு இதுவே முதற்பாடம்.

1997 இல் ஹொங்கொங்கில் எச்5என்1 வைரஸ் 18 பேரைப் பீடித்து, அவர்களில் 6 பேரின் உயிரைப் பறித்தபோது இது கோழிகளின் பிரச்சினை மட்டுமல்ல என்பதை உலகம் உணர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் அங்கிருந்த பத்து இலட்சத்துக்கும் அதிகமான கோழிகள் ஒருசில நாட்களில் கொல்லப்பட்டன. நோய் திரும்பத் திரும்பத் தலைகாட்டவே, 2003 இல் ஹொங்கொங் தனது பண்ணைகளில் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. அதேவேளை, ஊசி போடப்படாத சில கோழிகளை ஒவ்வொரு கூட்டத்திலும் வேண்டுமென்றே விட்டுவைத்தது. வைரஸ் உள்ளே நுழைந்தால் முதலில் மடிந்து எச்சரிக்கை தருபவை இந்தக் காவல் கோழிகளே.

வியட்நாமின் அனுபவம்தான் இந்த வரலாற்றின் மையம் எனலாம். 2004 இன் முற்பகுதியில் மட்டும் அந்நாடு ஏறத்தாழ 4 கோடி 40 இலட்சம் பறவைகளை இழந்தது. 2005 இல் 61 பேர் நோயுற்றனர். 19 பேர் இறந்தனர். அழிக்கப்பட்டவற்றில் பெருமளவு, ஏழைக் குடும்பங்கள் வீட்டு முற்றத்தில் வளர்த்தவை. அக்குடும்பங்களுக்குக் கோழி என்பது உணவு மட்டுமல்ல, அவசரத்துக்கு உதவும் சேமிப்பும் அதுவே. போதிய நட்டஈடு கிடைக்காத விவசாயி நோயை மறைப்பான்; மறைக்கப்பட்ட நோய் பரவும். 2005 ஓகஸ்டில் இரு மாகாணங்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய தடுப்பூசி, ஒக்டோபரில் நாடளாவியதாக விரிவுபடுத்தப்பட்டது. கோழிகளையும் வாத்துக்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி ஏற்றிய பெரும் முயற்சி அது. 2006 இல் வியட்நாமில் ஒரு மனிதருக்குக்கூடத் தொற்று பதிவாகவில்லை. நகரச் சந்தைகளில் உயிர்க்கோழி விற்பனைக்கு விதிக்கப்பட்ட தடை போன்ற நடவடிக்கைகளும் உடனிருந்தமையால் முழுப் பெருமையையும் ஊசிக்கு மட்டும் வழங்கிவிட முடியாது. 2007 இல் நோய் மீண்டும் தலைதூக்கி 5 உயிர்களைக் குடித்தது என்பதையும் மறந்துவிடலாகாது.

அதே காலகட்டத்தில், கோழி இறைச்சி ஏற்றுமதியில் முன்னணி வகித்த தாய்லாந்து தடுப்பூசிக்குத் தடை விதித்துக் கோடிக்கணக்கில் பறவைகளை அழித்தது. எமது அயல்நாடான இந்தியாவும் 2006 பெப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் முதன்முதலாக நோய் கண்டபோது அழிப்பு வழியையே தேர்ந்தது. சீனாவோ 2005 நவம்பரில் தனது 1400 கோடிப் பறவைகளுக்கும் ஊசி போடப்போவதாக அறிவித்தது. 2013 இல் அங்கு தோன்றிய எச்7என்9 வைரஸ் 1500 க்கும் அதிகமானோரைத் தொற்றியது. 2017 செப்டெம்பரில் அதற்கும் சேர்த்துக் கோழிகளுக்கு ஊசி போடத் தொடங்கிய பின்னர் மனிதத் தொற்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குச் சுருங்கியது. கோழிக்குப் போட்ட ஊசி மனிதனைக் காத்தமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. மறுபுறத்தில், இந்தோனேசியாவும் எகிப்தும் ஊசி போட்டும் நோயை ஒழிக்க முடியாமல் திண்டாடின. மருந்து சென்றடையாத முற்றங்களும் பலவீனமான கண்காணிப்பும் அங்கு வைரஸுக்குத் துணைபோயின.

தடுப்பூசியை நெடுங்காலம் ஒதுக்கிவைத்த செல்வந்த நாடுகளின் நிலைப்பாடும் பின்னர் ஆட்டங்காணத் தொடங்கியது. 2021-22 பருவத்தில் பிரான்ஸில் 1300 க்கும் அதிகமான பண்ணைகள் பாதிக்கப்பட்டன. 2 கோடிக்கும் அதிகமான பறவைகள் கொல்லப்பட்டன. 2023 ஒக்டோபரில் அந்நாடு தனது பண்ணை வாத்துக்களுக்கு ஊசி போடத் தொடங்கியது. அடுத்து வந்த பருவத்தில் பாதிக்கப்பட்ட பண்ணைகள் பத்து மாத்திரமே. ஊசி ஆரம்பமானவுடன் அமெரிக்கா பிரெஞ்சுக் கோழிப் பொருட்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது என்பது கவனிக்கத்தக்கது. அந்த அமெரிக்காவிலேயே 2022 முதல் 16 கோடிக்கும் அதிகமான பறவைகள் மடிந்து முட்டை விலை விண்ணைத் தொட்டபோது, 2025 பெப்ரவரியில் கோழித் தடுப்பூசியொன்றுக்கு நிபந்தனையுடன் அனுமதி வழங்கப்பட்டது. முட்டை உற்பத்தியாளர் ஊசியைக் கேட்க, இறைச்சிக்கோழி ஏற்றுமதியாளர் அதனை எதிர்த்தனர்.

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்க்கையில் ஓர் உண்மை துலக்கமாகத் தெரிகிறது. ஊசி போடுவதா, கொல்வதா என்ற முடிவில் விஞ்ஞானத்தைப் போலவே சந்தையும் பங்கெடுத்திருக்கிறது. விற்பதற்கு ஏற்றுமதி இறைச்சி இருந்தவர்கள் அழிப்பைத் தேர்ந்தார்கள். காப்பதற்கு மனித உயிர்களும் முற்றத்துக் கோழிகளும் இருந்தவர்கள் ஊசியைத் தேர்ந்தார்கள். ஊசி மட்டும் போதாது என்பதை மெக்சிக்கோவும் எகிப்தும் கற்றுத்தந்தன. அழிப்பு மட்டும் போதாது என்பதை பிரான்ஸ் தாமதமாகவே கற்றுக்கொண்டது. நோய்க்கு எல்லைகள் தெரியாது. எல்லைகளைக் காட்டி ஒரு மருந்தை நெடுங்காலம் தடுத்துவைத்தவர்கள் மனிதர்களே.