துரைமார் போட்ட முடிச்சு

அவனியாபுரத்து மனிதருக்கு முடிச்சைப் பற்றி வேற்றூர்க்காரர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பொங்கலன்று வாடிவாசலுக்குக் காளை பிடித்து வருகிற ஊர் இது. மாட்டைக் கட்டுகிற முடிச்சு வேறு, கிணற்று வாளிக்குப் போடுகிற சுருக்கு வேறு, தூண்டில் முள்ளைக் கட்டுகிற கட்டு வேறு என்பது இங்கே சிறு பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் தூண்டில் போடுகிறவர்கள் வாங்கும் முள்ளுக்குப் பெரும்பாலும் காது கிடையாது. ஊசிக்கு இருப்பது போல நூல் கோக்க ஒரு துளை இராது. தலைப்பக்கம் தட்டையாக அடித்திருக்கும், அவ்வளவுதான். நூலை முள்ளின் தண்டோடு சேர்த்து வைத்து, அதன் மேலேயே ஆறேழு சுற்றுச் சுற்றி, நுனியைச் சுற்றுக்குள் நுழைத்து, எச்சில் தொட்டு இழுத்து இறுக்குவார்கள். தட்டைத் தலை அந்தக் கட்டை நழுவ விடாது. அதில் விராலும் மாட்டும், கெளுத்தியும் மாட்டும். இந்தக் கட்டுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதில்லை.

முடிச்சுக்குப் பெயர் வைத்து, படம் போட்டு, அதைப் பற்றிப் புத்தகமும் எழுதியவர்கள் நீலகிரியில் டிரவுட் மீன் பிடிக்க வந்த வெள்ளைக்காரர்கள். டிரவுட் நம் நாட்டு மீன் அல்ல. சில்லென்று ஓடுகிற தண்ணீரில்தான் பிழைக்கும். தண்ணீரின் சூடு 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதற்குத் திண்டாட்டம். சித்திரை மாதத்தில் நம் கண்மாயில் கொண்டு வந்து விட்டால் அன்றைக்கே கதை முடிந்துவிடும். இப்படிப்பட்ட மீனை ஊட்டிக்குக் கொண்டு வர 1863இலேயே முயன்றவர் பிரான்ஸிஸ் டே என்ற சென்னை ராணுவ டாக்டர். பிற்காலத்தில் இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அதே டே. சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் 6 வருஷம் இருந்தது. முயற்சி பலிக்கவில்லை. மறு வருஷமே, ஈரப் பாசியில் பொதிந்து ஐஸில் வைத்த முட்டைகள் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியா வரை கப்பலில் போய் உயிரோடு பொரித்தன என்பது அவருக்கு எப்படி இருந்திருக்குமோ!

நடுவில் பலர் முயன்றார்கள். மீன் வேரூன்றுவதற்கு முன்பே, 1879இல், நீலகிரியில் வேட்டையையும் மீன்பிடிப்பையும் கட்டுப்படுத்தச் சட்டம் மட்டும் வந்துவிட்டது. கடைசியில் எச். சி. வில்சன் என்ற அதிகாரி வானவில் டிரவுட் என்ற ஜாதியைக் கொண்டு வந்தார்; 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஏற்பட்டது. ஆக, ஒரு மீனைக் குடியேற்ற 44 வருஷம். இத்தனை பாடும் சாப்பாட்டுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். மாலை வேளையில் ஓடைக்கரையில் நின்று தூண்டில் வீசும் சுகத்துக்காக!

அந்தத் தூண்டிலில் மண்புழு கிடையாது. முள்ளின் மேல் இறகும் பட்டு நூலும் வைத்துக் கட்டிய பொய்ப் பூச்சிதான் இரை. நம் தென்னாட்டுச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு இந்தப் பூச்சி கட்டுவதற்கென்றே சீமைக்குப் போயிற்று. பூச்சியைத் தாங்கும் இழை இன்னும் விசித்திரமானது. கூடு கட்டப்போகும் பட்டுப்புழுவைக் காடியில் ஊற வைத்து, அதன் வயிற்றிலுள்ள பட்டுப் பையைக் கையால் இழுத்து நீட்டி உலர்த்துவார்கள். ஸ்பெயினில் முர்சியா என்ற ஊர் இந்தத் தொழிலுக்குப் பேர் போனது. ஓர் இழை ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாக வந்தால் அதிகம். ஒன்பதடிக் கயிறு வேண்டுமென்றால் எட்டுத் துண்டையாவது முடிய வேண்டும். ஒரு முடிச்சு நழுவினாலும் மீனும் போச்சு, பூச்சியும் போச்சு. இரண்டு நுனிகளையும் ஒன்றன்மேல் ஒன்று மும்மூன்று சுற்றுச் சுற்றி, நடு இடைவெளியில் எதிரெதிராக நுழைத்து இறுக்கும் முடிச்சுக்கு 'இரத்த முடிச்சு' என்று பெயர். உலர்ந்த இழை ஒடிந்துவிடும் என்பதால், ஈரக் கம்பளித் துண்டு வைத்த தகர டப்பாவைச் சட்டைப் பையில் சுமந்தே துரைமார் ஓடைக்குப் போனார்கள்.

பூச்சியை இழையோடு சேர்ப்பது அடுத்த கவலை. 1880களுக்கு முன் அவர்கள் முள்ளுக்கும் பெரும்பாலும் காது கிடையாது. நம் கண்மாய்க்காரரைப் போல அவர்களும் தண்டில் சுற்றித்தான் கட்டினார்கள். இழை தேய்ந்து அறுந்தால் அழகான பூச்சியும் வீண். காது வைத்த முள் பரவிய பிறகுதான் 'எந்த முடிச்சு?' என்ற சர்ச்சையே சூடு பிடித்தது. ஹாம்ப்ஷயரில் தூண்டில் போட்ட டர்ல் என்ற மேஜரின் பெயரால் ஒரு முடிச்சு புகழ் பெற்றது. இழையைக் காதில் கோத்து, நுனியில் ஒரு சுருக்குப் போட்டு, அந்தச் சுருக்கைப் பூச்சியின் தலைக்கு மேலாக மாட்டிக் கழுத்தில் இறுக்குவது. பூச்சி கோணாமல் இழையின் நேரே நிற்கும். தண்ணீரில் பூச்சி கோணி விழுந்தால் டிரவுட் திரும்பிக்கூடப் பார்க்காதாம்!

1935இல் அமெரிக்காவில் நைலான் பிறந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பட்டுப்புழு இழையை அது ஓடைக்கரையிலிருந்து விரட்டிவிட்டது. ஊற வைக்க வேண்டாம், எட்டுத் துண்டு வேண்டாம், விலையும் மலிவு. ஆனால் நைலான் வழவழப்பானது. மேஜர் முடிச்சு அதில் நழுவியது. சுருக்கை இரட்டிப்பாக்கித்தான் காப்பாற்றினார்கள். இரத்த முடிச்சுக்கு மூன்று சுற்றுப் போதாமல் ஐந்து வேண்டியிருந்தது. காதில் கோத்த நுனியை இழையின் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, காதருகே உள்ள வளையத்தில் திருப்பி நுழைக்கும் முடிச்சும் செல்வாக்குப் பெற்றது. இதிலும் எச்சில் தொடாமல் இழுத்தால் உராய்ந்த சூட்டிலேயே இழை பலம் குன்றிவிடும்.

கண்மாய்க்கும் நைலான் வந்தது. அதற்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் 'நரம்பு'. பருத்தி நூல் போய் நரம்பு வந்தபோது, தட்டைத் தலை முள்ளில் போடுகிற பழைய கட்டில் ஒரு சுற்றைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. தண்டை ஆறேழு சுற்றுக் கவ்விப் பிடித்த பிறகு, நூலானாலும் நரம்பானாலும் அதற்கு ஒன்றுதான்.