புதிய பல் மருத்துவர் எந்த ஊரில் உட்காருவது? வால்பாறையை வைத்து ஒரு கணக்கு

நம் மஹல்லாக்களில் பி.டி.எஸ். முடித்த பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, இப்போது பார்க்க முடிகிறது. அல்ஹம்துலில்லாஹ். நான்காண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி, தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்தில் பதிவு எல்லாம் முடிந்ததும் எந்த ஊரில் கிளினிக் வைப்பது என்ற கேள்வி வீட்டுக்குள் வருகிறது. கோவையில் தெருவுக்குத் தெரு பல் கிளினிக் இருக்கிறது, போட்டி இல்லாத மலை ஊருக்குப் போகலாமே என்பார் ஒருவர். அந்த யோசனை சரிதானா என்று வால்பாறையை வைத்தே பார்ப்போம்.

வால்பாறை ஆனைமலைத் தொடரில் சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். 2001 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 95,000 ஆக இருந்த நகராட்சியின் மக்கள்தொகை 2011இல் 70,859 ஆகக் குறைந்தது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். ஜார்க்கண்ட், அசாம் மாநிலத்தவர் பலர் வேலைக்கு வந்திருக்கிறார்கள். கொஞ்சம் இந்தி தெரியாத டாக்டருக்கு அங்கே சிரமம்தான்.

மொத்த ஜனத்தொகையை விட முக்கியம், அவர்கள் எந்த நேரத்தில் வர முடியும் என்பது. கோவையில் மாலை ஐந்து முதல் ஒன்பது வரைதான் கிளினிக் நிறையும். வால்பாறை எஸ்டேட்டுகளில் இருட்டிய பின் யானைக்கும் சிறுத்தைக்கும் பயந்து லைன் வீட்டை விட்டு வெளியே வரத் தயங்குவார்கள். பகலில் இலை பறிக்க வேண்டும். ஆக ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய நாள். அன்று விடுமுறை எடுக்கும் டாக்டருக்கு இந்த ஊர் ஒத்துவராது.

வேர் சிகிச்சைக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று முறை வரச் சொல்வோம். பொள்ளாச்சிக்கு இறங்கினால் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு தனி. அதனால் காப்பாற்றக்கூடிய பல்லையும் "பிடுங்கிடுங்க டாக்டர்" என்றே ஏழை சொல்வார். உள்ளூரில் ஒரு டாக்டர் உட்கார்ந்தால் உண்மையில் மிச்சமாவது அந்தப் பல்தான். பிடுங்குவதற்கு முன், காப்பாற்ற வழி உண்டா, என்ன செலவாகும் என்பதைச் சொல்லிவிடுவது அமானத். வெற்றிலை, புகையிலை போடுவோரின் வாயில் ஆறாத புண்ணையோ வெள்ளைத் திட்டையோ முதலில் பார்ப்பவரும் பல் மருத்துவர்தான்; உடனே மேல்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

முதலீட்டு விஷயத்தில் நம் குடும்பங்கள் அவசரப்படுகின்றன. நாற்காலி, கம்ப்ரஸர், ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே நாளில் வட்டிக் கடனில் வாங்கினால், வரும் நோயாளியெல்லாம் தவணையாகத் தெரிய ஆரம்பித்துவிடும். கடன் சுமைதான் தேவையில்லாத சிகிச்சைக்குத் தூண்டும். ஓரிரு ஆண்டுகள் கோவையிலோ பொள்ளாச்சியிலோ ஒரு மூத்த மருத்துவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்து, கை பழகி, சேமித்துவிட்டுத் தொடங்குவதே நல்லது என்பது நம் கருத்து. மருத்துவ நிறுவனப் பதிவு, எக்ஸ்ரேவுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி ஆகியவற்றை முன்கூட்டியே முடிக்க வேண்டும். மருத்துவக் கழிவை எடுக்கும் வண்டி மலைக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்பதை வாடகை பேசும் முன்பே விசாரியுங்கள்.

வாரம் ஒருநாள் மட்டும் மேலே போய் வரலாமா? ஆரம்பத்தில் தவறில்லை. ஆனால் மாலையில் கடினமான பல்லைப் பிடுங்கிவிட்டு கடைசி பஸ்ஸில் இறங்கிவிட்டால், இரவில் ரத்தம் நிற்காதவர் யாரிடம் போவார்? அப்படிப்பட்ட வேலையைக் காலையிலேயே முடிக்க வேண்டும். அரசு மருத்துவமனையிலோ பக்கத்துக் கிளினிக்கிலோ பேசிவைத்து, போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

தேயிலை பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; பெண் டாக்டர் என்றால் கூச்சமின்றி வருவார்கள். மகளை அனுப்பும் பெற்றோர் கிளினிக்கை ஒட்டியே வீடு பாருங்கள். தினம் மலை ஏறி இறங்குவது நடக்காது. தென்மேற்குப் பருவமழை நாட்களில் மண் சரிவு, மின்வெட்டு எல்லாம் உண்டு. மின்சாரம் இல்லையென்றால் கம்ப்ரஸரும் ஓடாது, கருவிகளையும் சுத்திகரிக்க முடியாது. ஏப்ரலில் சுற்றுலாவுக்குப் போய் ஊரைப் பிடித்துப்போய் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஜூலையில் ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.